குழாய் கழுவுகிறவன்

இந்த நகரத்தின் பியர்க்கடைகளை எனக்குக்
காலை பத்து மணியில்தான் தெரியும்.
நாற்காலிகள் மேசைமேல் தலைகீழாய்க் கிடக்கும்.
நேற்று சிந்தியது தரையில் பாகாகி
செருப்பைப் பிடித்து இழுக்கும்.

பின்வாசல் வழிதான் எப்போதும்.
பங்சாரில் இரும்பு மாடிப்படி,
ஜாலான் பெட்டாலிங்கில் மீன் கழுவுகிறவளைத் தாண்டி ஒரு சந்து,
சான் சவ் லின்னில் டயர்க்கடைக்கும் சவப்பெட்டிக் கடைக்கும் நடுவே
மணி இல்லாத கதவு.
மோட்டாரின் பின்னே இருபது லிட்டர் காரத்தண்ணீர்,
ஒரு பம்பு, இரண்டு ஜோடி கையுறை.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை
ஒவ்வொரு குழாயின் தொண்டையையும் கழுவிவிடுவேன்.
குடிப்பதில்லை. ஆறு வருஷம்.
காரணம் நீளம், விடுங்கள்.
ஆனால் மூக்கிடம் யாரும் சத்தியம் வாங்கவில்லை.
மாம்பழம் போட்டது, கொக்கோ கருக்கியது,
பண்டான் இலை, உப்புப் பிளம்,
ஒரு மாதம் டுரியான்கூட.
அந்தக் குழாயை மூன்று தரம் கழுவினேன்,
நான்காம் தரம் அதனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

ஒரு செவ்வாய், சான் சவ் லின் தவுக்கே வெய் ஹான்
எனக்கு முன்பே கதவருகே நின்றான்.
"உன் குழாய் அழுக்கு. என் பியரில் வெண்ணெய் நாறுகிறது.
நேற்று நாலு கிளாஸ் திரும்பி வந்தது."
மலாயில் சொன்னான்,
கெட்ட வார்த்தையை மட்டும் கண்டனீஸில்.
சபாவிலிருந்து வந்த ஜோஸ்லின்
துடைத்த கிளாஸையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள்.

குழாயைத் திறந்து இரண்டு விரற்கடை பிடித்தேன்.
ஆமாம், வெண்ணெய்.
எங்கள் வீட்டில் அந்த வாசம் வந்தால்
யாரோ வருகிறார்கள், பலகாரம் உண்டு என்று அர்த்தம்.
இங்கே அதற்குக் குற்றம் என்று பெயர்.

பின்கட்டுக்கு நடந்தேன், அவனும் வந்தான்.
எஃகுத் தொட்டி வயிறு வியர்த்து நின்றது.
அதன் திருகைத் திறந்து இன்னொரு கிளாஸ்,
என் குழாய் தொடாதது.
இரண்டையும் அவன் மூக்கின் கீழே நீட்டினேன்,
எது எதுவென்று சொல்லாமல்.

வெகுநேரம் மோந்தான்.
குளிர் எந்திரம் ஒருமுறை நின்று மறுபடி ஓடியது.
"டுவா டுவா சாமா," என்றான். இரண்டும் ஒன்று.
பிறகு மால்ட் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டான்.
சனிக்கிழமைக் கூட்டத்துக்காக
இரண்டு நாள் முன்பே குளிரூட்டியிருக்கிறான்.
அறுநூறு லிட்டர்.
சாக்கடை மூடியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கொட்டாதே," என்றாள் ஜோஸ்லின் வாசலிலிருந்து.
"எங்கள் ஊரில் லிஹிங் பானையை அவசரப்பட்டுத் திறந்தால்
திட்டிவிட்டு மூடிவைப்போம். அவ்வளவுதான்."

லிஹிங் என்றால் அரிசியாம்.
ஐந்தாம் படிவத்தில் தோப்பி என்ற சொல்லுக்கு
'நெல்லில் ஆக்கிய கள்' என்றெழுதி
இரண்டு மதிப்பெண் வாங்கியவன் நான்.
அது எப்படி மணக்கும் என்று வினாத்தாளில் கேட்கவில்லை.

வெய் ஹான் எழுந்து குளிரை அணைத்தான்.
ஈஸ்ட் இன்னும் சாகவில்லை என்றால்
தான் கக்கியதைத் தானே தின்றுவிடும், என்றான்.
இதை அவன் முன்பே அறிவான்.
யாராவது சொல்ல வேண்டியிருந்தது.

சனிக்கிழமை இரவு ஏழரைக்கு
முதன்முறை முன்வாசல் வழியாகப் போனேன்.
நாற்காலிகளுக்குக் கால்கள் கீழே இருந்தன.
கழுத்தில் அலுவலக அட்டை கழற்றாத கூட்டம்,
மூலையில் ஒருத்தி தனியாக
விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள், சிவப்புப் பேனாவும் கறுப்பு பியரும்.
யாருக்கும் என்னைத் தெரியாது.
அவர்கள் ஒவ்வொரு வாயையும் எனக்குத் தெரியும்,
எந்தக் குழாய் வழி வந்தது என்று.

ஜோஸ்லின் ஒரு கிளாஸை நகர்த்தினாள்.
"மோந்துவிட்டுத் திருப்பிக் கொடு."
ரொட்டியின் பொறுக்கு. மழைக்கு முன் வெட்டிய புல்.
வெண்ணெய் இல்லை.
திருப்பிக் கொடுத்தேன். கை கொஞ்சம் தாமதித்தது,
அதையும் சொல்லிவிடுகிறேன்.

வெய் ஹான் என் பக்கம் வரவில்லை.
ஆறாம் குழாயின் மேலே கரும்பலகையில்
புதிய பெயர் எழுதியிருந்தான்: சாமா சாமா.
நன்றி என்று சொன்னால்
மலாயில் திருப்பிச் சொல்லும் வார்த்தை.
நன்றியை இதுவரை
யாரும் சொல்லியிருக்கவில்லை.